தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரா?
(புதிய மீன் தொட்டி பற்றிய ஓர் அறிவியற் பாடம்)



பிள்ளைகளின் விருப்பத்திற்கிணங்கக் கண்ணாடித் தொட்டியொன்றையும் அழகிய மீன்களையும் ஒரே நாளில் வாங்கி வருகின்றோம். தொட்டியின் நீரோ பளிங்குபோல் தெளிந்திருக்கின்றது. ஆயினும் இரண்டொரு கிழமைக்குள் மீன்கள் ஒவ்வொன்றாக இறந்து மிதக்கின்றன. பிள்ளை அழுகின்றது. கடைக்காரர் நோயுற்ற மீனைத் தந்துவிட்டார் என நாம் எண்ணுகின்றோம். பெரும்பாலும் குற்றம் மீனில் இல்லை, நீரில் உள்ளது. அதனை விளங்கிக்கொள்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

மீன்கள் தம் உடற்கழிவின் பெரும்பகுதியைச் செவுள்களின் வழியாக அமோனியாவாக வெளியேற்றுகின்றன. உண்ணாது எஞ்சிய உணவு அழுகும்போதும் அமோனியா உண்டாகின்றது. நிறமற்ற இப்பொருள் நீரின் தெளிவைக் கெடுப்பதில்லை. மீனின் செவுள்களையே புண்படுத்துகின்றது. நீரின் காரத்தன்மையும் வெப்பமும் கூடக்கூட இதன் நச்சுத்தன்மையும் கூடும். இலண்டன் வாழ் தமிழர் தம் கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவைக் கண்டிருப்பர். அந்நகரின் குழாய் நீர் சற்றுக் காரமான வன்னீர் என்பதற்கு அது சான்று. இத்தகைய நீரில் அமோனியா குறித்து மேலும் விழிப்புத் தேவை.

நீரைக் காக்கும் நுண்ணுயிர்கள்

குளத்தில் மீன்கள் வாழ்வது எங்ஙனம்? அங்கே சேற்றிலும் கற்களிலும் தாவரங்களிலும் கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் வாழ்கின்றன. நைத்திரசோமோனாசு போன்றவை அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றுகின்றன. நைத்திரைற்றும் நஞ்சே. அது மீனின் குருதியைக் கபில நிறமாக்கி, ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கின்றது. நீரில் ஒட்சிசன் இருந்தும் மீன் மூச்சுக்குத் தவிக்கும். பின்னர் நைத்திரசுபைரா என்னும் பற்றீரியா அதனைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாக மாற்றுகின்றது. நைத்திரேற்றைத் தாவரங்கள் உணவாக்கிக்கொள்கின்றன. எஞ்சியதை நாம் நீர் மாற்றி அகற்றலாம்.

1850ஆம் ஆண்டில் இலண்டன் இரசாயன அறிஞர் றொபேட் வாரிங்ரன், தங்கமீன்களையும் நீர்த்தாவரத்தையும் நத்தைகளையும் ஒரே கலத்தில் ஒன்றையொன்று தாங்கி வாழச் செய்து காட்டினார். 1890ஆம் ஆண்டளவில் வினோகிராட்ஸ்கி என்னும் அறிஞர் மேற்கூறிய மாற்றங்களைச் செய்யும் பற்றீரியாக்களைப் பிரித்தெடுத்தார். இருபடிகளையும் தனியாகவே செய்து முடிக்கவல்ல நைத்திரசுபைரா வகைகளும் உள என்பது 2015ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

புதிய தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் மிகச் சிலவே. அவை மெல்லப் பெருகுவன. வடிகட்டியின் பஞ்சிலும் அடித்தளக் கற்களிலும் போதிய அளவு குடியேற நான்கு முதல் ஆறு கிழமைகள் வரை செல்லலாம். முதலில் அமோனியா ஏறி இறங்கும். அது இறங்கும் வேளையில் நைத்திரைற்று ஏறும். ஆகவே அமோனியா குறைந்தவுடன் அபாயம் நீங்கிற்று எனக் கருதலாகாது.

செய்ய வேண்டுவன

1. குழாய் நீரிலுள்ள குளோரீனும் குளோரமீனும் மீனுக்கும் பற்றீரியாவுக்கும் பகை. அவற்றை நீக்கும் மருந்தைக் கலந்த பின்னரே நீரைத் தொட்டியிற் சேர்க்க.

2. மீன் விடுமுன் வடிகட்டியை இரவும் பகலும் இயக்குக. வெப்பவலய மீன்களுக்கான தொட்டியாயின் வெப்பநிலை 25 பாகை செல்சியசு அளவில் இருக்கட்டும்.

3. மீன்தொட்டிகளுக்கென விற்கப்படும் அமோனியாக் கரைசலை லீற்றருக்கு 2 மில்லிகிராம் வருமாறு பெரியோர் சேர்க்க. குறைந்ததும் மீண்டும் சேர்க்க. நலமான பழைய தொட்டியொன்றின் பஞ்சுத்துண்டு கிடைப்பின் காலம் சுருங்கும்.

4. சேர்த்த அமோனியா 24 மணித்தியாலத்துள் மறைந்து, நைத்திரைற்றும் இல்லையெனச் சோதனைத் துளிகள் காட்டினால் தொட்டி ஆயத்தமாகிவிட்டது. நீரின் பெரும்பகுதியை மாற்றிய பின், முதலிற் சில மீன்களை மட்டும் விடுக.

5. ஏற்கெனவே மீன்களை விட்டுவிட்டவர் மனந்தளர வேண்டியதில்லை. நாள்தோறும் சோதித்து, நஞ்சு தென்படின் நீரின் காற்பங்கு முதல் அரைப்பங்கு வரை மாற்றுக. உணவைக் குறைக்க, புதிய மீன் சேர்க்காதிருக்க.

6. வடிகட்டியின் பஞ்சைக் குழாய் நீரிற் கழுவுதல் பெரும் தவறு. கிழமைதோறும் தொட்டியிலிருந்து எடுக்கும் நீரிலேயே அதனை மெல்ல அலசுக.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: அச்சில கிழமைகளிலும் பிள்ளையின் கையில் ஒரு குறிப்பேட்டைக் கொடுங்கள். திகதி, அமோனியா, நைத்திரைற்று, நைத்திரேற்று என நான்கு நிரல்களை வரைந்து, நாள்தோறும் தமிழிலேயே எழுதச் செய்யுங்கள். வெறுந்தொட்டியைப் பார்த்துச் சலிப்படையும் பிள்ளை, எண்கள் மாறுவதைக் கண்டு ஆவல் கொள்ளும். உயிரொன்றை வீட்டுக்கு அழைக்குமுன் அதற்கு இடம் ஆயத்தம் செய்ய வேண்டுமென்பதையும் கற்கும்.

மாணவர்களுக்கு வினாக்கள்

1. புதிய தொட்டியில் அமோனியா குறைந்த பின்னும் மீனுக்கு ஆபத்து இருப்பது ஏன்?

2. 60 லீற்றர் தொட்டியில் நைத்திரேற்று லீற்றருக்கு 40 மில்லிகிராம். அதில் 15 லீற்றரை அகற்றி, நைத்திரேற்று அற்ற நீரை நிரப்பினால் அளவு எவ்வளவாகும்? மீண்டும் ஒருமுறை அவ்வாறே செய்தால் எவ்வளவாகும்?