உயிர்கவரும் தொழில் விபத்துக்கள்: காரணமும் காப்பும்

தொழில் செய்வார்க்கு அத்தொழிலினாலேயே நேருந் துன்பங்கள் இருவகைப்படும். ஒன்று, நாள்தோறும் நேர்ந்து நாலு நாளில் ஆறிவிடுஞ் சிறு காயம். தச்சன் விரலில் உளி படுதலும், சமையற்காரன் கையில் எண்ணெய் தெறித்தலும் இவ்வகையின. மற்றையது, ஒருமுறை நேரினும் உயிரைக் கவர்வது. அன்றேல் கைகாலை முடமாக்கி ஒரு குடும்பத்தையே நிலைகுலையச் செய்வது. இவ்விரண்டும் ஒரே மரத்துக் காய்கள் என்றும், சிறியதைக் குறைத்தாற் பெரியது தானே குறையும் என்றும் தொழிலுலகம் நெடுங்காலம் நம்பி வந்தது. அந்நம்பிக்கை எவ்வளவிற் பொருந்தும், எவ்விடத்திற் பிழைபடும், பிழைபடுமிடத்து நாம் செய்யத்தக்கது யாது என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இஃது ஏட்டளவில் நின்றுவிடும் ஆராய்ச்சியன்று. சர்வதேசத் தொழில் தாபனம் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, தொழிலின் காரணமாக ஆண்டுதோறும் ஏறக்குறைய 29 இலட்சத்து 30 ஆயிரம் பேர் உலகில் இறக்கின்றனர். அவருட் பெரும்பாலார் தொழிலால் வரும் நோய்களால் மாள்பவர். விபத்தினால் மட்டும் மாள்வோர் ஏறக்குறைய 3 இலட்சத்து 30 ஆயிரம் பேர். நாளொன்றுக்குக் கணக்கிடின் அது தொளாயிரத்துக்குக் குறையாது. காலையில் வேலைக்கெனப் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பாதோர் தொகை இது.

முக்கோணக் கொள்கை

தொழில் விபத்துக்களை முறையாக ஆராய்ந்தோருள் முன்வைத்து எண்ணப்படுபவர், அமெரிக்காவில் ஒரு காப்புறுதிக் கம்பனியிற் கடமையாற்றிய ஹைன்றிச் என்பவர். இவர் 1931ஆம் ஆண்டில் கைத்தொழில் விபத்துத் தடுப்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஒரே வகையான 330 விபத்துக்களை எடுத்துக்கொண்டால், அவற்றுள் 300 காயமெதுவுமின்றிக் கழியும். 29 சிறு காயம் விளைக்கும். ஒன்று பெருங்காயம் விளைக்கும் என்பது அவர் கண்ட கணக்கு. இதனை அடி அகன்று நுனி குறுகிய முக்கோணமாக வரைந்து காட்டுவது பின்னர் வழக்காயிற்று.

இக்கொள்கையால் விளைந்த நன்மை சிறிதன்று. விபத்து விதியின் செயல் எனக் கைகட்டியிருந்த காலத்தில், அதற்குக் காரணம் உண்டு, காரணத்தை அறிந்தால் தடுக்கவும் இயலும் என்ற எண்ணத்தை அது பரப்பிற்று. காயமின்றிக் கழிந்த நிகழ்ச்சியும் ஓர் எச்சரிக்கையே என்று கற்பித்தது.

ஆயினும், பின்வந்தோர் அக்கணக்கிலிருந்த ஒரு சொல்லை மறந்தனர். "ஒரே வகையான" என்பதே அச்சொல். ஏணியிலிருந்து வழுக்குதல் 330 முறை நிகழுமாயின் அவற்றுளொன்று உயிராபத்தாய் முடிதல் கூடும். ஆனால் கடதாசி விளிம்பு விரலைக் கீறுதல் 330 முறையன்று, 33 ஆயிரம் முறை நிகழ்ந்தாலும் அதிலிருந்து ஒரு கொதிகலன் வெடிக்கப் போவதில்லை. வகை வேறானால் வழியும் வேறு.

இன்னொரு கணக்கும் அவர் பெயரால் வழங்குகின்றது. விபத்துக்களில் நூற்றுக்கு 88 தொழிலாளரின் தவறான செயலால் விளைவன என்பது அது. அம்முடிவுக்கு ஆதாரமாய் நின்றவை காப்புறுதிக் கோவைகளும் ஆலை உடைமையாளரின் ஏடுகளுமே. விபத்துக்குக் காரணம் எழுதும் பேனா மேலோர் கையிலிருக்கும்போது, குற்றம் கீழோன் தலையில் வந்து விழுதல் வியப்பன்று.

எண்கள் காட்டும் உண்மை

சிறு காயங் குறையப் பெருங்காயமுங் குறையும் என்பது மெய்யாயின், அது புள்ளிவிவரங்களிற் புலப்படல் வேண்டும். அமெரிக்கத் தனியார் துறையில், பதிவுக்குரிய காயமும் நோயும் 2010ஆம் ஆண்டில் முழுநேரத் தொழிலாளர் நூற்றுவருக்கு 3.5 ஆக இருந்து 2019ஆம் ஆண்டில் 2.8 ஆகக் குறைந்தன. ஐந்திலொரு பங்கு குறைந்ததெனலாம். அதே கால எல்லையில், அந்நாட்டுத் தொழிலாளர் இலட்சம் பேருக்கு விபத்து மரணம் 3.6 இலிருந்து 3.5 ஆயிற்று. அஃதாவது, ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது. காயங் குறைந்தது, சாவு குறையவில்லை.

இதனினுந் தெளிவாக உண்மையை உணர்த்துவது 2005ஆம் ஆண்டு மார்ச் 23ஆந் தேதி அமெரிக்காவின் டெக்சாஸ் சிற்றியில் பீ. பீ. கம்பனியின் எண்ணெய் சுத்திகரிப்பு நிலையத்தில் நிகழ்ந்த வெடிப்பாகும். அங்கே 170 அடி உயரமான கோபுரமொன்றைப் பழுதுபார்த்தபின் மீண்டும் இயக்கத் தொடங்கினர். அதன் அடியிற் சில அடி ஆழத்துக்கே திரவம் நிற்றல் வேண்டும். அளவுகருவி, திரவ மட்டம் மெல்ல இறங்குவதாகக் காட்டிக்கொண்டிருந்தது. உண்மையிலோ அது உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. மட்டம் மிகுந்தால் ஒலிக்கவேண்டிய இரண்டாவது எச்சரிக்கைக் கருவி ஒலிக்கவில்லை. நிரம்பி வழிந்த எரிதிரவம் திறந்த புகைபோக்கி வழியே வெளிப்பட்டு, ஆவியாகிப் பரந்து தீப்பற்றியது. பதினைவர் மாண்டனர், 180 பேர் காயமுற்றனர். மாண்ட பதினைவரும் ஒப்பந்தகாரரின் ஊழியர், அக்கோபுரத்தை இயக்கியவரல்லர். அண்மையில் நிறுத்தப்பட்டிருந்த தற்காலிக அலுவலகக் கூடுகளிலும் அவற்றின் அருகிலும் இருந்தவர்.

இதனை ஆராய ஜேம்ஸ் பேக்கர் தலைமையில் அமைந்த குழு 2007ஆம் ஆண்டில் அறிக்கை சமர்ப்பித்தது. தனியாட்களின் காயவீதம் குறைந்து வந்ததைக் கண்டு, ஆலையின் இயக்கமும் பாதுகாப்பாகவே உள்ளதென அக்கம்பனி பிழையாகக் கருதியது என்பது அக்குழுவின் முடிவுகளுளொன்று. வழுக்கி விழுவாரும் கை நசுக்குண்பாருங் குறைந்தனர் என்பது உண்மையே. ஆனால் அளவுகருவி பொய் சொல்வதை அக்கணக்கேடு எங்ஙனம் அறியும்?

ஐந்து ஆண்டுகளின் பின், 2010 ஏப்ரல் 20ஆந் தேதி, மெக்சிக்கோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்னும் எண்ணெய் துளையிடு மேடை வெடித்துப் பதினொருவர் இறந்தனர். ஏழாண்டு காலம் வேலைநாள் இழக்கச்செய்யும் விபத்தெதுவும் நேராமையைப் பாராட்ட வந்த மேலதிகாரிகள் அன்று அம்மேடையிலேயே இருந்தனர். ஏழாண்டுப் பெருமையும் ஒரே இரவில் எரிந்தது.

கொல்வது எது?

அவ்வாறாயின் கடும் விபத்தை எவ்வாறு இனங்காண்பது? இதற்கு விடை பௌதிகத்தில் உள்ளது. உடலைச் சிதைப்பது ஆற்றல். உடல் தாங்கும் அளவுக்கு மிஞ்சிய ஆற்றல் அதன்மேற் பாய்தலே காயம் என்று ஜேம்ஸ் கிப்சன் என்னும் உளநூலறிஞர் 1961ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். வில்லியம் ஹாடன் என்னும் வைத்தியர் அதனை விரித்து, அவ்வாற்றலைத் தடுக்கும் வழிகளை வகுத்தார்.

மாணவரும் செய்யத்தக்க ஒரு கணக்கால் இதனை விளக்குவாம். ஒரு கிலோகிராம் நிறையுடைய சுத்தியல் ஒரு மீற்றர் உயரத்திலிருந்து காலில் விழுந்தால் அதன் ஆற்றல் ஏறக்குறைய 10 யூல். கால் வீங்கும், பின் தேறும். அறுபது கிலோகிராம் நிறையுடைய ஒருவர் 15 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால் அவ்வாற்றல் 8,800 யூலுக்கு மேல். முன்னதிலும் பின்னது எண்ணூற்றைம்பது மடங்குக்கு மேற்பட்டது. முன்னதில் எத்துணை அசட்டையாயிருந்தாலும் சாவு நேர்தல் அரிது. பின்னதில் எத்துணை கவனமாயிருந்தவரும் ஒருமுறை தவறினாற் பிழைத்தல் அரிது.

ஆதலின், ஒரு தொழிற்களத்திற் புகுந்தவுடன் தேடவேண்டியது சிந்திய எண்ணெயையும் சிதறிய ஆணியையும் மட்டுமன்று. உயரம், சுழலும் பொறி, ஓடும் வாகனம், மின்சாரம், அழுத்தத்தில் அடைபட்ட வாயு, நெருப்பு, நஞ்சு என்பவற்றுள் எது அங்கே உண்டு, அதற்கும் மனித உடலுக்கும் இடையில் என்ன நிற்கின்றது என்பதே முதல் வினா.

அரண்களின் வரிசை

இடையில் நிற்பதனை அரண் என்போம். அரண்களெல்லாம் ஒத்த வலிமையுடையன அல்ல. தலையாயது ஆபத்தையே அகற்றிவிடுதல். உயரத்தில் ஏறிச் செய்யும் வேலையை நிலத்திலேயே செய்து முடித்துப் பின்னர் தூக்கி வைத்தல் அதற்கு உதாரணம். அடுத்தது, கொடியதற்குப் பதிலாகக் கொடுமை குறைந்ததை வழங்குதல். மூன்றாவது, பொறிக்கு மூடியும் விளிம்புக்கு வேலியும் போலப் பொருளாலாய தடை. நான்காவது, விதி, பயிற்சி, எச்சரிக்கைப் பலகை என்பன. ஈற்றில் நிற்பது தலைக்கவசமும் கையுறையும். முதல் மூன்றும் மனிதன் மறந்தாலுங் காக்கும். பின்னிரண்டும் அவன் மறவாதவரையே காக்கும். பல களங்களிலோ இவ்வரிசை தலைகீழாய் நிற்கின்றது. பலகையும் கவசமும் முதலில் வரும். வேலிக்குப் பணமில்லை என்ற விடை பின்னே வரும்.

சுவீடன் தேசம் 1959ஆம் ஆண்டில், புதிதாக விற்கப்படும் உழவு இயந்திரங்களுக்கு, அவை கவிழ்ந்தாலும் நசுங்காத உருக்குச் சட்டம் பொருத்துதலைக் கட்டாயமாக்கியது. அதன்பின் உழவர் தவறு செய்யாதவராகிவிடவில்லை. இயந்திரங்கள் பின்னருங் கவிழ்ந்தன. ஆனால் அவற்றின்கீழ் நசுங்கி இறப்போர் தொகை காலப்போக்கில் மிகச் சிறிதாய்ச் சுருங்கிற்று. மனிதனைத் திருத்தாமலே அவன் உயிரைக் காத்தது அச்சட்டம்.

பழுதுபார்ப்பவர் கையிற் பூட்டுக் கொடுக்கும் வழக்கமும் இத்தகையதே. இயந்திரத்தினுள் கைவைக்குமுன் அதன் மின்வழியைத் துண்டித்து, ஆளுக்கொரு பூட்டாகப் பூட்டித் திறப்பைத் தத்தம் சட்டைப்பையில் வைத்துக்கொள்வர். கடைசி ஆள் தன் பூட்டைக் கழற்றும்வரை அவ்வியந்திரத்தை ஒருவரும் இயக்கவியலாது.

நம் நாட்டிற்கு ஏற்குமாறு

இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும், 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் நெடுங்காலமாக உள்ளன. ஆயினும் நம்மவரிற் பலர் தொழில் செய்யுமிடம் தொழிற்சாலையன்று. பனையும் கிணறுமே அவர்தம் களம்.

பனையேறுஞ் சீவல் தொழிலாளி ஒருவர் இருபது மரங்களில் நாளுக்கு இருமுறை ஏறுகின்றார் என்றும், பருவம் நூறு நாள் என்றும் கொள்வோம். ஒரு பருவத்தில் அவர் நாலாயிரம் முறை ஏறியிறங்குவார். அவர் பதினாயிரம் ஏற்றத்தில் ஒருமுறையே பிடி தவறுபவர் என்று வைத்துக்கொள்வோம். அத்துணைக் கவனம் எவ்வலுவலகத்தில் எவரிடத்துக் காணக்கூடும்? எனினும், இரண்டரைப் பருவத்துக்கு ஒருமுறை அவர் பிடி தவறும் என்பது கணக்கின் தீர்ப்பு. தளைநார் பாதத்துக்குப் பிடிகொடுக்குமேயன்றி விழுபவரைத் தாங்காது. இடுப்பையும் மரத்தையும் பிணைத்து, உடன் ஏறி உடன் இறங்கும் காப்புப் பட்டியொன்றே அந்த ஒரு தவறை உயிராபத்தாகாமற் காக்கவல்லது. "கவனமாக ஏறு" என்ற அறிவுரை அவருக்குத் தெரியாத ஒன்றையுஞ் சொல்வதில்லை.

கிணற்றின் கதை இன்னுங் கொடியது. தூர்வாருவதற்காக நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றினுள் இறக்கி இயக்கினால், அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு வெளியேற வழியின்றி உள்ளே நிறையும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இறங்கியவர் மயங்கி விழுவார். பதறி இறங்கும் மைத்துனரும் விழுவார். 2018 ஏப்ரலில் ஹொரணைப் பகுதியில் இறப்பர்த் தொழிற்சாலையொன்றின் அமோனியாத் தாங்கியில் ஒருவர் வீழ, காப்பாற்ற முயன்றோரும் உட்பட ஐவர் உயிர் துறந்தனர். அடைபட்ட இடங்களில் மாள்வோருள் நூற்றுக்கு 60 பேருக்கு மேற்பட்டோர் பிறரைக் காக்கச் சென்றவரே என்று அமெரிக்கத் தொழிற் சுகாதார ஆராய்ச்சி நிலையம் 1986ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டியது. இங்கே அன்பே கொலைக்கருவியாகின்றது. இயந்திரத்தைக் கிணற்றின் மேலே வைத்துக் குழாயை மட்டும் இறக்குக. உள்ளே காற்றுச் செலுத்துக. இறங்குவாரை மேலிருந்து தூக்கவல்ல கயிற்றாற் பிணித்தே இறக்குக. இம்மூன்றும் பெருஞ்செலவு வேண்டுவன அல்ல.

எதனை எண்ணுவது?

விபத்தின்றிக் கழிந்த நாட்களைப் பலகையில் எழுதிப் பரிசளித்தல் பல நிறுவனங்களில் வழக்கம். பரிசு போய்விடுமே என்று காயத்தை மறைத்தலும் அதனுடன் வளரும். அதற்குப் பதிலாக எண்ணத்தக்கவை இரண்டு.

ஒன்று, அரண்கள். உயிராபத்துள்ள வேலைகள் இருபதைச் சென்று பார்த்து, அவற்றுள் எத்தனையில் உறுதியான அரண் இருந்தது எனக் குறிக்க. பதினைந்தில் இருந்ததாயின், எஞ்சிய ஐந்தும் ஒருவருக்குங் காயம் படாதபோதும் கடன்களே. அக்கடனை என்றோ ஒருநாள் யாரோ ஒருவர் தம் உயிராற் கொடுக்க நேரும்.

மற்றொன்று, நேர்ந்ததையன்றி நேர்ந்திருக்கக்கூடியதை வைத்து நிகழ்ச்சிகளைத் தரம் பிரித்தல். ஐந்தாம் மாடியிலிருந்து விழுந்த செங்கல் ஒருவர் அருகில் விழுந்து உடைந்தால், ஏட்டில் அது ஒன்றுமில்லாத நிகழ்ச்சி. உண்மையில் அது ஓரடியால் தவறிய மரணம். மரணத்தை ஆராயும் அக்கறையுடனேயே அதனையும் ஆராய்தல் வேண்டும்.

முடிவுரை

விபத்து நேர்ந்தவுடன் நம் வாயில் முதலில் வரும் வினா, "யார் பிழை விட்டது?" என்பதே. அவ்வினாவுக்கு எப்போதும் ஒரு விடை கிடைக்கும். ஏனெனிற் பிழைவிடாத மனிதன் இல்லை. பெயர் கிடைத்ததும் ஆராய்ச்சி நின்றுவிடும். அதே இடத்தில் அடுத்தவர் நிற்பார். அதற்கு மாறாக, "பிழை நேர்ந்தபோது அவரைத் தாங்க அங்கே என்ன இருந்தது?" என்று கேட்போமாயின், அவ்வினா நம்மைக் குற்றவாளியிடம் அன்று, இல்லாத வேலியிடமும் பழுதான கருவியிடமும் அழைத்துச் செல்லும். அங்கேதான் செய்யத்தக்க வேலை இருக்கின்றது.

எமது கல்லூரியிற் பயின்றோர் இன்று பொறியியலாளராயும், வைத்தியராயும், முகாமையாளராயும், ஒப்பந்தகாரராயும், வீட்டுக் கிணற்றைத் தூர்வார ஆள் அழைக்குங் குடும்பத்தலைவராயும் விளங்குகின்றனர். பிறர் உழைப்பைக் கூலிக்குக் கொள்ளும் ஒவ்வொருவரும் அவ்வுழைப்பாளியின் உயிருக்கும் ஒருவகையிற் பொறுப்பாளரே. வேலை தொடங்குமுன் அவ்வொரு வினாவை எழுப்பி, விடை கிடைத்தபின்னரே வேலையைத் தொடங்குவிப்பாராயின், மாலையில் வீடு திரும்புவோர் தொகை பெருகும்.