லாபியில் முக்காலி விரிக்கும் முன்

அன்புத் தங்கைக்கு,

நட்சத்திர ஹோட்டல் லாபியில் கைப்பேசியால் படமெடுப்பவரை யாரும் கண்டுகொள்வதில்லை. முக்காலியை விரித்தால் போதும், இரண்டாவது நிமிடம் செக்யூரிட்டி வந்து நிற்பார். போன வாரம் நீயும் அப்படித்தான் திரும்பி வந்தாய் என்று கேள்விப்பட்டதும் அண்ணனுக்கு மனம் கேட்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்த ஊழியர் மேல் கோபம் வேண்டாம். ஹோட்டல் வாங்கும் வாடகை கட்டிலுக்கும் காபிக்கும் மட்டுமல்ல. தங்கியிருப்பவர் யாருடன் வந்தார், எப்போது போனார் என்பது வெளியே தெரியாமல் காப்பதற்கும் சேர்த்துத்தான். அதோடு, 2008 நவம்பரில் மும்பை தாஜ் ஹோட்டலில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு, உள்வழிகளை ஒருவர் நிதானமாகப் படமெடுப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எந்த ஹோட்டலாலும் முடியாது.

அனுமதி கேட்டுப் பழக முதலில் காரைக்குடிக்குப் போ. அங்கேயும் கானாடுகாத்தானிலும் பழைய செட்டிநாட்டு வீடுகள் சில ஹோட்டலாகியிருக்கின்றன. பெரிய நிறுவனத்தில் ஐந்து மேஜை தாண்டவேண்டிய அனுமதியை இங்கே பல இடங்களில் ஒருவரே தந்துவிடுவார். முற்றத்து வெளிச்சம் ஆத்தங்குடிக் கல்லில் பட்டு, பர்மா தேக்குத் தூணின் அடியில் நீலமாக ஏறுவதை ஒரு காலை முழுக்க இருந்து எடு. அங்கே எடுக்கும் பத்துப் படங்கள்தான் சென்னை ஹோட்டல்களுக்கு எழுதும்போது உனக்குச் சிபாரிசு.

சென்னையில் வரவேற்பு மேஜையில் கேட்காதே. சரி என்று சொல்லும் அதிகாரம் அங்கே இல்லை. அவர்கள் ‘மார்காம்’ என்று சொல்லும் விளம்பரத் தொடர்புப் பிரிவுக்கு எழுது. “உங்கள் ஹோட்டலைப் படமெடுக்க ஆசை” என்று எழுதினால் பதில் வராது. எந்த இடம், எந்த நாள், எத்தனை மணி நேரம், எத்தனை பேர், விளக்கு கொண்டுவருவாயா, படம் எங்கே வெளியாகும் என்று எழுது. விருந்தினர் முகம் ஒன்றும் வராது என்பதையும் சேர். வியாபாரிகள் தங்கும் ஹோட்டல்களில் வார நாளில் கூட்டம், ஞாயிறு ஓய்வு. கடற்கரை விடுதிகளில் நேர்மாறு. நாள் குறிக்கும்போது இதைக் கவனி.

கட்டடத்தைப் படித்துவிட்டு எழுது. பின்னி சாலையிலுள்ள கன்னிமாரா ஹோட்டலை 1970-களில் மாற்றியமைத்தவர்களில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவும் ஒருவர். காலி நகரில் அவர் வடிவமைப்பில் 1997-இல் திறந்த லைட்ஹவுஸ் ஹோட்டலின் சுழற்படியில், போர்த்துக்கீசியரோடு சிங்களவர் பொருதிய காட்சியை சிற்பி லக்கி சேனநாயக்க உலோக உருவங்களாக ஏற்றியிருக்கிறார். “லாபி வேண்டும்” என்பவருக்கும் “சேனநாயக்கவின் படிக்கட்டுக்கு ஒரு மணி நேரம் வேண்டும்” என்பவருக்கும் கிடைக்கும் மரியாதை வேறு.

ஒப்பந்தக் காகிதத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. எடுத்தவர் அல்ல! இது தெரியாமல் ஒரு விடுதிக்கு எடுத்துக் கொடுத்த படங்களை அண்ணனால் தன் கண்காட்சியில்கூட வைக்க முடியாமல் போனது. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. இரண்டு நாள் இலவசமாகத் தங்க வைத்தால் அதையும் கூலி என்று வாதாட இடமுண்டு. ஆகவே உரிமை உன்னுடையது, அவர்கள் எதற்கு, எத்தனை ஆண்டு பயன்படுத்தலாம் என்பதை முதல் நாளே எழுத்தில் வாங்கு. சுவரில் தொங்கும் ஓவியத்தின் உரிமை பெரும்பாலும் ஓவியரிடமே இருக்கும். ஹோட்டல் தலையாட்டினால் மட்டும் போதாது. வெளித்தோற்றத்திலும் கவனம் தேவை. மும்பை தாஜ் 2017-இல் தன் கட்டட உருவத்தையே வணிகச் சின்னமாகப் பதிந்துகொண்டது.

அறைக்குள் போனதும் கேமராவை எடுக்காதே. ஹவுஸ்கீப்பிங் அக்காவிடம் பேசு. பெட்டியிலிருந்து எடுத்த வெள்ளை விரிப்பின் மடிப்புக்கோடு கண்ணுக்குத் தெரியாது. லென்ஸில் வாய்க்காலாகத் தெரியும். அக்கா தண்ணீர் தெளித்து, கட்டில்மேலேயே இஸ்திரி ஓட்டி, நான்கு மூலையையும் இழுத்துச் செருகுவார். அந்த ஐந்து நிமிட வேலையைக் கணினியில் செய்ய ஒரு மணி நேரம் ஆகும். கட்டிலோர விளக்கு 2700 கெல்வின் மஞ்சள், ஜன்னல் வெளிச்சம் 5500. இரண்டும் ஒரே விரிப்பில் விழுந்தால் துணி அழுக்காகத் தெரியும். விளக்குகளை அணைத்து எடு, பிறகு விளக்கோடும் ஒன்று எடு. கண்ணாடியில் உன் முக்காலி விழுகிறதா என்று பார்.

சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே அறையை ஒப்படை. படங்கள் தயாரானதும் மார்காமுக்கு அனுப்பும் அன்றே அந்த அக்காவுக்கும் ஒரு பிரதி போகட்டும்.

கன்னிமாராவுக்கான கடிதத்தை எழுதி அனுப்பு. ஞாயிற்றுக்கிழமைக்குள் அண்ணன் திருத்தித் தருவான்.

அன்புடன்,
அண்ணன்