மைதானமும் ஒரு பள்ளிக்கூடம்

அரியானா மாநிலத்தில் ஷாகாபாத் என்று ஓர் ஊர் இருக்கிறது. ராணி ராம்பால் அந்த ஊர்ப் பெண். அப்பா வண்டி இழுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

ராணிக்கு ஹாக்கி ஆட ஆசை. "பெண் பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு?" என்று உறவினர்கள் தடுத்தார்கள். பயிற்சியாளர் பல்தேவ் சிங்கும் முதலில் சேர்க்கவில்லை. உடம்பில் வலு இல்லை என்றார். ராணி விடவில்லை. உடைந்த மட்டையை வைத்துத் தினமும் பழகினார். பிறகு பயிற்சியில் இடம் கிடைத்தது.

பல்தேவ் சிங் கண்டிப்பானவர். விடியற்காலைப் பயிற்சிக்கு நேரம் தவறக் கூடாது. ராணியின் வீட்டில் கடிகாரம் இல்லை. அம்மா வானத்தைப் பார்த்து எழுப்பிவிடுவார். ஒவ்வொருவரும் அரை லிட்டர் பால் கொண்டுவர வேண்டும். ராணியின் வீட்டில் 200 மில்லிதான் வாங்க முடியும். மீதிக்குத் தண்ணீர் கலந்துகொள்வார்.

கண்டிப்போடு அன்பும் இருந்தது. மட்டையும் காலணியும் பல்தேவ் சிங்கே வாங்கிக் கொடுத்தார்.

2010இல் ராணி உலகக் கோப்பையில் ஆடினார். அப்போது வயது 15.

2021இல் டோக்கியோவில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. இந்தியப் பெண்கள் அணிக்கு ராணி தலைவி. முதல் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. அணி சோர்ந்துவிடவில்லை. அடுத்த இரண்டில் வென்றது. பிறகு ஆஸ்திரேலியாவையும் 1-0 என்று வென்றது. முடிவில் நான்காம் இடம் பெற்றது. பதக்கம் இல்லை. ஆனாலும் நாடே பாராட்டியது.

நேரம் தவறாமை, விடாமுயற்சி, கூட்டு உழைப்பு. இவை மைதானம் கற்றுத் தரும் பாடங்கள்.

சிந்திப்போம்:
நம் ஊர்ப் பெண் பிள்ளைகள் விளையாட இடம் இருக்கிறதா? இல்லை என்றால் நாம் என்ன செய்யலாம்?