மன்னர் முகமும் காசின் மதிப்பும்

வண்ணார்பேட்டையில் எம் இல்லத்து மரப்பேழையில் ஒரு காலணாக் காசு உளது. அது 1936ஆம் ஆண்டினது, வெண்கலத்தால் ஆயது. அதன் ஒரு புறத்தே ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிபுனைந்த மார்பளவு உருவம் பொறிக்கப்பட்டுளது. செல்லாக் காசாகிய அதனைப் பழைய பித்தளை வாங்குவார்க்குக் கொடுத்துவிடலாமே என்று யாம் ஆச்சியை ஒருநாள் வினவினோம். ஆச்சி இசைந்திலர். வேற்று நாட்டரசர் ஒருவரின் முகத்தைக் காத்து வைத்தலால் யாது பயன் என்னும் ஐயம் எம்மை ஆராயத் தூண்டிற்று.

மன்னர் உருவைச் சிறிய அளவில் வார்த்தும் பொறித்தும் பரப்புதல் பண்டை உரோமரிடத்தும் காணப்படும் வழக்கு. அகஸ்டஸ் பேரரசரின் வெண்கல மார்புருவம் ஒன்று, ஏறக்குறைய ஒரு சாண் உயரத்தது, பிரான்சு நாட்டில் 1816இல் கிடைத்தது. இப்பொழுது பாரிஸ் நகரத்து லூவர் காட்சிச்சாலையில் உளது. உரோமரால் வெல்லப்பட்ட அந்நாட்டான் ஒருவன் நேர்ச்சையாக அளித்தது அஃது என்பது, அதிற் பொறித்த எழுத்தால் அறியப்படும். ஆட்சி பரவிய இடத்தே மன்னர் முகம் வழிபடு பொருளாயிற்று.

தமிழகத்திலோ நிலை வேறு. உரோம நாட்டார் ஈண்டு வணிகராய் வந்தனரேயன்றி ஆள்வோராய் வந்திலர். எம் ஊரைத் தழுவியோடும் பொருநையின் கழிமுகத்துக் கொற்கை முத்தையும், சேர நாட்டு மிளகையும் நாடி வந்த அவர்தம் பொற்காசிலும் வெள்ளிக்காசிலும் அம்மன்னர் முகங்கள் ஏறிவந்தன. 1898இல் புதுக்கோட்டைச் சீமையைச் சார்ந்த கருக்காக்குறிச்சியில் 501 பொற்காசுகள் கொண்ட புதையல் ஒன்று கிடைத்தது. அவற்றுள் மிகப்பல மன்னர் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டப்பட்டவை. இதனைப் பகைமையின் செயலெனக் கொள்ளுதல் பொருந்தாது. மீண்டும் காசாக வழங்காதவாறு, பொன்னாகவே நிறுத்துக்கொள்ளும் பொருட்டு வெட்டினர் என்பது அறிஞர் பலர் கருத்து. வேறு சில காசுகள் துளையிடப்பட்டு அணிகலன்களாயின.

திபேரியு இராயனுடைய வெள்ளிக்காசுகளும் தமிழகத்தில் பல கிடைத்துள்ளன. வரியைப்பற்றி வினவியவர்களிடம் நம் ஆண்டவர் காட்டச் சொன்ன காசும் அவ்வகையினதே என்பர். யூதேயாவில் வரிக்குரியதாய் நின்ற முகம் தமிழகத்தில் எடைக்குரியதாய் நின்றது. எனவே, முகத்திற்கு மதிப்பளிப்பது அதனை ஏற்பாருடைய உள்ளம் என்பதே யாம் கண்ட முடிபு.

இம்முடிபை ஆச்சியிடம் உரைத்தபோது அவர் நகைத்து, “ராசா முகத்தை யாரு பாத்தா? அது எங்கம்மை கைப்பட்ட காசுல்லா!” என்றார். எம் ஆராய்ச்சி அவ்விடத்தே நின்றது. காசு பேழையிலேயே இருக்கக் கடவது.