சிவப்புத் தலையா, நீலத் தலையா?

தான்சானியாவின் செரங்கெட்டிக்குள் போகிற வண்டிகளில் பல நாபி ஹில் வாயிலில் நின்றாக வேண்டும். ஓட்டுநர் அனுமதிச் சீட்டு வாங்கி வரும்வரை, சிங்கம் பார்க்க வந்தவர்களுக்கு வேறு வேலை இல்லை. அப்போதுதான் பக்கத்துப் பாறையில் அது கண்ணில் படும். தலை, கழுத்து, தோள் எல்லாம் ரோஜாச் சிவப்பு; அதற்குக் கீழே கருநீலம். ஸ்பைடர்மேன் சட்டை போட்ட ஓணான்! ம்வான்சா பாறை ஓணானின் ஆண் இது. அருகில் இரண்டு மூன்று பழுப்பு ஓணான்களும் இருக்கும். அவற்றை யாரும் படம் எடுப்பதில்லை. அவை வேறு இனமல்ல, அதன் பெண்கள்.

நிறத்தை மட்டும் நம்பிப் பெயர் சொல்கிறவர்கள் சறுக்குவது இங்கேதான். அதே ஆண் விடியற்காலைக் குளிரில் மங்கிப்போய்க் கிடக்கும்; வெயில் ஏறிய பிறகுதான் சாயம் ஏறும். ஆகவே காலை ஆறு மணிக்கு ஓணான் தேடிப் புறப்படுவது வீண். ஒன்பது, பத்து மணிக்குப் போகலாம்.

முதலில் உருவத்தைப் பார்க்க வேண்டும். இதில் தமிழருக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஆங்கிலத்தில் ‘லிசர்ட்’ என்ற ஒரே சொல்லில் அடங்குவதை ஓணான், அரணை, பல்லி, பச்சோந்தி என்று பிரித்துச் சொல்லித்தான் கிராமத்துப் பிள்ளைகள் வளர்கிறார்கள். சொரசொரப்பான உடம்போடு முன்னங்காலை ஊன்றி, தலையைத் தூக்கித் தண்டால் எடுத்தால் ஓணான். எண்ணெய் தடவியதுபோல் மினுங்கி, நீல வாலோடு விடுதிப் படிக்கட்டில் வழுக்கி ஓடினால் அரணை. இடுக்கிபோல் கிளையைப் பற்றிக்கொண்டு, இரண்டு கண்ணையும் இரண்டு திசையில் சுழற்றினால் பச்சோந்தி.

ஓணான் என்று முடிவானபின் சாயம் எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். கென்யாவின் பாறை ஓணானுக்கு ஆரஞ்சு நிறம் தலையோடும் கழுத்தோடும் நின்றுவிடும். ம்வான்சாவுக்குத் தோளைத் தாண்டி மார்புவரை இறங்கும். நமீபியாவின் ட்வைஃபெல்ஃபொன்டெய்னில் பழைய பாறைச் செதுக்கல்களைப் பார்க்கப் போனால், தலையும் வாலும் ஆரஞ்சாக, நடுவுடம்பு மட்டும் கருநீலமாக ஒன்று ஓடும். அது நமீப் பாறை ஓணான். அதன் பெண்ணும் சாமானியமில்லை. தோளில் ஆரஞ்சுத் திட்டு வைத்திருக்கும். தென்னிந்தியப் பாறைகளில், இனப்பெருக்கக் காலத்தில் முதுகு சிவக்கும் ஆண் ஓணானைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குடும்பச் சாயல் உடனே பிடிபடும்.

ஆனால் தமிழ்ச் சொல் எதற்கும் பிடிகொடுக்காத ஒன்று தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. ஆரஞ்சு ஆறு 56 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஆக்ரபிஸ் அருவியில் வாழும் தட்டைப்பல்லி அது. பெயரில்தான் பல்லி, பல்லிக் குடும்பம் அல்ல. யாரோ கல்லால் நசுக்கியதுபோல் சப்பையான உடம்பு. பருந்தின் நிழல் விழுந்தால் விரல் நுழையாத பாறை இடுக்கில் புகுந்துகொள்ள அதுதான் உதவி. ஆணுக்கு நீலத் தலை, ஆரஞ்சும் மஞ்சளுமாக முன்னங்கால்கள். அருவிச் சாரலில் மொய்க்கும் கருஈக்களை எம்பிக் குதித்துப் பிடிக்கும். அத்திப்பழம் பழுத்தால் அதற்கும் ஆஜர். பழுத்த மரத்தைக் கண்டுபிடிக்கப் பறவைக் கூட்டத்தைக் கவனிப்பதும் உண்டு.

பெண் பழுப்பு, முதுகில் மூன்று வெளிர்க்கோடுகள். அப்படிக் கோடுள்ளதெல்லாம் பெண் என்று குறித்துக்கொண்டால் ஏமாற்றம்தான். இளம் ஆண்களில் சில பெண் வேஷத்திலேயே திரிந்து, பெரிய ஆணின் அடியிலிருந்து தப்பும். கண்ணை ஏமாற்றும் இந்த வேஷம் மோப்பத்தில் செல்லாது.

எதைத் தேர்ந்தெடுப்பது? யானை, சிங்கத்தோடு போகிறபோக்கில் ஓணானும் வேண்டுமென்றால் செரங்கெட்டி போதும். ஆனால் அங்கே நினைத்த இடத்தில் வண்டியை விட்டு இறங்க முடியாது. ஊர்வனவே முக்கியம் என்பவருக்கு ஆக்ரபிஸ்தான். பார்வை மேடையில் உட்கார்ந்தபடியே ஒரு முற்பகல் முழுக்க வேடிக்கை பார்க்கலாம். ஜிம்பாப்வே பக்கம் போகிறவருக்கு மட்டோபோ குன்றுகள். ஆங்கிலேயக் காலனியாளர் செசில் ரோட்ஸின் கல்லறை இருக்கும் மொட்டைப் பாறையில் இன்னொரு தட்டைப்பல்லி இனம் பல வண்ணத்தில் ஓடித் திரிகிறது.

தான்சானியாவின் கிம்போசா காட்டில் தாழை மரங்களில் வாழும் நீலக் குட்டிப் பல்லியைத் தேடி அலைய வேண்டாம். வளர்ப்புச் சந்தைக்காகப் பிடித்துப் பிடித்தே அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. 2017 முதல் அதன் பன்னாட்டு வணிகத்துக்குத் தடை.

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் மரத்தைப் பார்க்க வேண்டும். நீலத் தலையும் தோளில் கரும்புள்ளியுமாக அடிமரத்தில் ஒட்டியிருப்பது மர ஓணான். மிரட்ட வாயைத் திறந்தால் உள்ளே பளீர் ஆரஞ்சு. அதைக் கண்டு விஷம் என்று பயப்படுகிறவர்கள் அங்கே நிறைய, நம்மூரில் அரணைக்குப் பயப்படுவதுபோல. விஷமெல்லாம் கிடையாது. படம் எடுப்பதுதான் சிரமம்: மரத்தைச் சுற்றி வந்தால் அதுவும் சுற்றி மறுபக்கம் போய்விடும். கேமராவோடு ஒருவர் அசையாமல் நிற்க, இன்னொருவர் எதிர்ப்பக்கமாக மெல்ல நடந்து வந்தால், தானே நகர்ந்து கேமராவுக்கு நேரே வந்து நிற்கும்.