மாடு கட்டியிருந்த மண்

கேள்வி: மூன்று தலைமுறையாக ஒரே மனையில் இருக்கிறோம். காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. சட்ட மாணவர்கள் உதவ வருகிறார்கள். நம்பலாமா?
– வாசகி, ஜார்ஜ்டவுன்

பதில்: நம்பலாம் அம்மா. வழக்காட வழக்கறிஞர்தான் வேண்டும். ஆனால், பட்டா யார் பெயரில் இருக்கிறதென்று நில அலுவலகத்தில் தேடுவதையும், பழைய ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்குவதையும் மாணவர்கள் செய்து கொடுப்பார்கள்.

பினாங்கின் குளுகோரில் தலைமுறைகளாக மாடு வளர்த்து வாழ்ந்த கம்போங் புவா பாலா கிராமத்து மக்களை நினைத்துக்கொள்கிறேன். நிலம் கைமாறிய பிறகுதான் போராட்டம் வலுத்தது. வழக்கு தோற்றது, 2009 செப்டம்பரில் வீடுகள் இடிபட்டன. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. எத்தனை ஆண்டு குடியிருந்தாலும், அது மட்டுமே நிலவுரிமை தராது என்கிறது 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம். அரசு நிலத்தில் தற்காலிகமாகக் குடியிருக்கத் தரும் டி.ஓ.எல். உரிமமும் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31உடன் முடிந்துவிடும். கடிதத்தில் உள்ள கெடுவுக்கு முன்பே சட்ட உதவி மையத்துக்குப் போங்கள். அந்தப் பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள்.