உப்புக்கண்டம் போடும் முறை

கோயில் கொடை, குலதெய்வ வழிபாடு முதலிய நாட்களில் நமது கிராமங்களில் கிடாய் வெட்டுவது வழக்கம். அன்று மிஞ்சும் இறைச்சி மறுநாளே கெட்டுவிடும். குளிர்பதனப் பெட்டி வருவதற்கு நெடுநாள் முன்னரே நம் பாட்டிமார் இதற்கு ஒரு வழி கண்டிருந்தனர். அதுவே உப்புக்கண்டம். முறையாகச் செய்தால் அது நல்லுணவு; தவறினால் நோய்க்கு வித்து. ஆகவே அதன் முறையை இங்கு ஆராய்வோம்.

இறைச்சி கெடுவது ஏன்?

கொழுப்பற்ற ஆட்டிறைச்சியில் நூற்றுக்கு ஏறக்குறைய 75 பங்கு நீரே. அந்நீரைக் கொண்டே கண்ணுக்குப் புலப்படாத கிருமிகள் பெருகுகின்றன. உப்பு நீரை வெளியே இழுக்கின்றது. வெயிலும் காற்றும் அதனை அகற்றுகின்றன. நீர் குறையக் குறையக் கிருமிகளின் பெருக்கம் தடைப்படுகின்றது. ஆயினும், அவை அனைத்தும் மடிந்துவிடுவதில்லை என்பதை மறத்தலாகாது.

செய்முறை

மாசி முதல் வைகாசி வரை இதற்கேற்ற காலம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் ஈரக் காற்றில் இறைச்சி உலராது, பூசணம் பூக்கும்.

தொடைக்கறியே சிறந்தது. ஆடு அறுத்த அன்றே, தாமதமின்றி வேலையைத் தொடங்க வேண்டும். கொழுப்பையும் சவ்வையும் நீக்கிவிடுக; கொழுப்பு நாளடைவில் காறல் அடிக்கும். பின்னர், ஒரு சாண் நீளமும் ஒரு விரற்கனமும் உள்ள கீற்றுகளாக அரிந்துகொள்க. கனமாக அரிந்தால் மேற்புறம் காய்ந்து இறுகிவிடும். உள்ளே ஈரம் தங்கி அழுகும். பலர் தவறுவது இவ்விடத்தில்தான்.

ஒரு கிலோ கறிக்கு உப்பு 60 கிராம், மிளகாய்த்தூள் 2 மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் 1 தேக்கரண்டி, தட்டிய பூண்டு ஒரு கைப்பிடி சேர்த்து நன்கு பிசைந்து, மூடி இரண்டு மணி நேரம் வைக்கவும். பிறகு சுத்தமான கயிற்றில், ஒன்றோடொன்று ஒட்டாதவாறு கோத்து, காற்றோட்டமான வெயிலில் கட்டவும். ஈ மொய்க்காதபடி மெல்லிய வலைத்துணியால் சுற்றிலும் மறைப்பது அவசியம். மாலையில் பனி இறங்குமுன் வீட்டினுள் எடுத்துவிட வேண்டும்.

நான்கைந்து நாள் நல்ல வெயிலில் காய்ந்ததும் கீற்றுகள் விறகுபோல் இறுகும். ஒன்றை ஒடித்துப் பார்த்தால் நடுவில் ஈரமோ மென்மையோ இருத்தலாகாது. ஒரு கிலோ கறி மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறைந்து நிற்கும். ஈரமற்ற சாடியில் இட்டு இறுக மூடி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெயில் காட்டவும். பூசணமோ கெட்ட வாடையோ கண்டால் எறிந்துவிடுக. சமைக்குமுன் வெந்நீரில் ஊறவைத்து உப்பைக் கழுவி, நன்றாக வேகவைத்த பின்னரே எண்ணெயில் வறுத்தல் வேண்டும். இரத்த அழுத்தம் உடையோர் இதனைத் தவிர்ப்பது நலம்.

ஒரு முக்கிய எச்சரிக்கை

இரவு நன்றாக இருந்த ஆடு விடியலில் இறந்து கிடந்தால், “ஆடு போனாலும் கறியாவது மிஞ்சட்டும்” என்று எண்ணி உப்புக்கண்டம் போட முனைவது ஏழைக் குடியானவருக்கு இயல்பே. ஆனால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருநிற இரத்தம் வடிவது அதன் அறிகுறி. இந்நோயின் வித்துக்களை உப்பும் வெயிலும் அழிப்பதில்லை. தோலுரிப்பவர் கையில் கரும்பொருக்குடன் புண் தோன்றும். இறைச்சியைத் தின்பவரின் உயிருக்கே ஆபத்து நேரும். வித்துக்கள் மண்ணிலும் பல்லாண்டுகள் உயிர்த்திருக்கும். எனவே அவ்வுடலை அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது. கால்நடை மருத்துவருக்கு உடனே அறிவித்து, அவர் சொற்படி சுண்ணாம்பு இட்டு ஆழப் புதைத்தலே முறை.

பஞ்சாயத்தின் கடமை

1932-இல் தோன்றிய இராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இந்நோய்க்குத் தடுப்பூசி தயாரிக்கின்றது. நோய் கண்ட ஊர்களில் ஆண்டுதோறும் ஊசி போடக் கால்நடைத் துறையினரை அழைப்பதும், இறந்த ஆடுகளைப் புதைக்க மேய்ச்சல் தரைக்கும் நீர்நிலைக்கும் அப்பால் இடம் ஒதுக்குவதும், திருவிழா நாட்களில் ஆடறுக்கும் இடத்தைச் சுத்தமாக வைப்பதும் பஞ்சாயத்து அங்கத்தினரின் பொறுப்பு. ஓர் ஆட்டின் நட்டத்தைத் தாங்கிக்கொள்ள இயலும். ஓர் உயிரின் நட்டத்தை ஈடுசெய்ய எவராலும் இயலாது. நலமான ஆடு, சுத்தமான கை, சுட்டெரிக்கும் வெயில் ஆகிய மூன்றும் அமைந்த வீட்டிலேயே உப்புக்கண்டம் போடுவோமாக.